மிதிக்கக் கூடாத பட்டுக் கம்பளம்

என் வீட்டுக்காரர் கோர்ட்டில் துபாஷியாக இருந்தார். சாட்சிக்காரன் தமிழில் சொல்வதை நீதிபதிக்குப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். நீதிபதி பிரெஞ்சில் கேட்பதைச் சாட்சிக்காரனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அடுத்தவர் வார்த்தையையே பேசிவிட்டு வருகிற மனுஷர் வீட்டில் அவ்வளவாகப் பேச மாட்டார். புதுச்சேரியில் அந்த உத்தியோகத்துக்குத் தனி மரியாதை உண்டு. முத்தியால்பேட்டையில் தேவாலயத்து வேலை பார்க்கும் ஒரு கோயில்பிள்ளைக்கு மகளாகப் பிறந்து, பீடத்து மெழுகைச் சுரண்டியும் பூசைத் துணி துவைத்தும் வளர்ந்த எனக்கு அப்படி ஒரு மாப்பிள்ளை அமைந்ததைத் தெருவே வாய் மூடாமல் பேசியது. கன்னியாஸ்திரிகளிடம் நான் கற்ற நாலு வார்த்தை பிரெஞ்சுக்காகத்தான் என்னைக் கட்டினதாக அவரே ஒருநாள் சொன்னார். அதை எனக்குச் செய்த பாராட்டாக நினைத்துத்தான் சொன்னார்.

கல்யாணமான மறு வருஷம் ஜனவரி முதல் தேதி. அன்றைக்குக் காலைப் பூசை முடிந்த கையோடு உத்தியோகஸ்தர்கள் எலுமிச்சம்பழமும் பூச்செண்டுமாகத் துரைமார் வீடுகளுக்குப் போய் வருவது வழக்கம். இவரும் போனார். முந்தின நாள் மழை பெய்து தெருவெல்லாம் சகதி. இவருக்கு மேல் அதிகாரியான துரையின் வீட்டுக் கூடத்தில் ஒரு பாரசீகப் பட்டுக் கம்பளம் விரித்திருந்தது. இவர் அதன்மேல் கால் வைக்கப் போன சமயம் துரை பேச்சை நிறுத்தாமலே கையை ஆட்டி, "ஓரமாக, ஓரமாக" என்றாராம். இவர் சுவரை ஒட்டியே நடந்துபோய்ப் பூச்செண்டைக் கொடுத்துவிட்டு, சுவரை ஒட்டியே திரும்பி வந்தார். பின்னால் வந்த வெள்ளைக்காரக் குமாஸ்தா ஒருவன் அதே சகதிக் காலோடு நடுவில் நடந்து போனான். கூடப் போயிருந்த இன்னொரு துபாஷியின் பெண்சாதி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். இவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று.

"நம்ம வூட்லயும் ஒரு தப்பி வாங்கணும்."

கம்பளத்துக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். தப்பி. எனக்கு அந்தச் சொல் அன்றைக்கு வேடிக்கையாக இருந்தது. தமிழில் தப்பி என்றால் பிழைத்துக்கொண்டு என்று பொருள். தவறிப்போய் என்றும் பொருள். எதிலிருந்து தப்பிப் போகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு அதே வேலையாகிப் போனது. வியாபாரமெல்லாம் படுத்துக் கிடந்த காலம். வாய்க்காலுக்குக் கிழக்கே சில வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்து கப்பலேறிக்கொண்டிருந்தன. எந்த வீட்டில் சாமான் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவார். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பெண்சாதியோடு போனால்தான் வாங்குகிறவன் என்று நம்புவார்களாம். எனக்கு ஒரு ஜோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். அது விரலைக் கடித்தது. ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் போய் இறங்கி, அவர் பின்னால் நொண்டிக்கொண்டே எத்தனையோ வீட்டுக்குள் ஏறி இறங்கினேன்.

கம்பளி நெசவாக இருந்தால் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். "தொரை வூட்ல இருக்கிறது பட்டு" என்பார். புதுசும் வேண்டாம் என்பார். பாரசீகத்தில் கையால் முடிச்சுப் போட்டது, ஒரு தலைமுறை பழகினது, அப்படி இருந்தால்தான் அதற்குப் பவிசு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூலையைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பதற்குப் பழகிக்கொண்டார். முன்பக்கம் போலவே பின்பக்கமும் பூ தெளிவாகத் தெரிய வேண்டும். முடிச்சுகள் கடுகு போல நெருக்கமாக இருக்க வேண்டும். மிஷினில் நெய்ததில் அது வராது. ஒவ்வொரு வீட்டிலும் முட்டி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பார். கோயிலில்கூட அவர் அவ்வளவு நேரம் முட்டி போட்டு நான் பார்த்ததில்லை.

ஐப்பசி மழையில்தான் அது கிடைத்தது. கடற்கரைக்கு ஒரு தெரு உள்ளே, புருஷனை இழந்த ஒரு கிழட்டு மதாம் வீடு. அவள் புருஷன் வாலிபத்தில் பாரசீகத்தில் தூதரக வேலை பார்த்தவராம். வீடு முழுக்கப் பெட்டி கட்டிக் கிடந்தது. கூடத்தின் நடுவில் அந்தக் கம்பளம்.

அழகாக இருந்தது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். சந்தனமும் பாலும் கலந்த மாதிரி ஒரு நிலம். அதில் மாதுளஞ் சிவப்பில் கொடியும் பூவும். வாசல் பக்கமிருந்து பார்த்தால் வெளுப்பு. உள்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் அதே கம்பளம் கறுத்துச் சிவந்து வேறொன்றாகத் தெரியும். பட்டின் மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருப்பதால் அப்படி என்று மதாம் சொன்னாள். அதன் நடுவில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. கண்ணில் புரை விழுந்த நாய். மதாம் அதைக் காலால் மெல்லத் தள்ளினாள். அது எழுந்து இரண்டடி நகர்ந்து கம்பளத்தின் இன்னொரு மூலையில் படுத்துக்கொண்டது.

இவர் புரட்டிப் பார்த்தார். கடுகு முடிச்சு. அவளே ஓரத்துக் குஞ்சத்தில் ஒரு நூலைக் கத்தரித்து நெருப்புக் குச்சியில் காட்டினாள். அசல் பட்டு என்றால் தலைமயிர் கருகுகிற நாற்றம் வரும்; பருத்தியை மினுக்கிப் பட்டென்று விற்றால் காகிதம் எரிகிற வாடைதான் வரும். மயிர் கருகுகிற நாற்றம்தான் வந்தது. எனக்கு அது மூன்றாவது மாதம். அந்த நாற்றம் வயிற்றைப் புரட்ட, வாயைப் பொத்திக்கொண்டு வெளி வராந்தாவுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது பேரம் முடிந்திருந்தது.

மதாம் என் வயிற்றைப் பார்த்தாள். வேலைக்காரர்களிடம் பழகிய தமிழில், "புள்ளயா?" என்று கேட்டாள்.

"ஆமா மதாம்."

"நல்லது. புள்ள இதில வெளையாடும். என் புள்ளங்க எல்லாம் இதிலதான் தவழ்ந்தது."

இவர் அதைக் கேட்டுவிட்டு அவளுக்கு மரியாதையாகச் சிரித்தார். என் கழுத்துச் சங்கிலியும் அம்மா போட்டனுப்பிய வளையலும் அந்தக் கம்பளத்துக்குத்தான் போயின. நகையைப் பற்றி எனக்கு அன்றைக்கும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை. நகை போனால் வரும்.

எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் பின் தெருவில், ஓடு போட்ட சின்ன வாடகை வீடு. வாசல் கதவைத் திறந்தால் கூடம். அவர் அதைச் சலோன் என்பார். கம்பளத்தை விரித்தபோது கூடத்தில் சுவரோரம் ஒரு முழம் தரைதான் மிச்சம் இருந்தது. அந்த ஒரு முழத்தில்தான் அதற்கப்புறம் நாங்கள் நடந்தோம். சமையலறைக்குப் போக, கிணற்றடிக்குப் போக, வாசலுக்குப் போக, எல்லாவற்றுக்கும் சுவரைத் தடவிக்கொண்டு போக வேண்டும். வயிறு பெரிதாகப் பெரிதாக, நான் பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி நடந்தேன்.

"தொரைங்க வூட்ல சப்பாத்தோட நடக்கறாங்க. அங்க நாய் படுத்திருந்திச்சி" என்று ஒருநாள் சொன்னேன்.

"அவங்களுக்கு இன்னொண்ணு வாங்க முடியும்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என் அப்பா வந்தார். கோயில் வேலைக்கு உடுத்தும் வெள்ளை வேட்டியோடு, கையில் அம்மா கொடுத்த பலகாரத் தூக்கோடு வாசலில் நின்றார். கம்பளத்தைப் பார்த்ததும் அவருக்கு அது பீடத்து விரிப்பு மாதிரி தோன்றியிருக்க வேண்டும். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார்.

"ஓரமா வாங்க மாமா. ஓரமா."

அப்பா வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூக்கை நெஞ்சோடு அணைத்தபடி சுவரோரமாக நடந்து சமையலறைக்கு வந்து மணையில் உட்கார்ந்தார். வெகு நேரம் பலகாரத்தைப் பற்றியே பேசினார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வருவார்.

புது வருஷத்தன்று இவர் துரையைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு வந்தார். துரையும் அவர் சம்சாரமும் வருவதாகச் சொன்னார்களாம். கம்பளம் வாங்கினதே அந்த ஒரு நாளுக்காகத்தான் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. ஆனால் துரை காரைக்காலுக்கு விசாரணைக்குப் போனார். திரும்பி வந்து காய்ச்சலில் படுத்தார். எழுந்தபோது தவக்காலம் வந்துவிட்டது. தவக்காலத்தில் கறி விருந்து வைக்க முடியுமா? ஈஸ்டருக்கு அப்புறம் என்று ஆனது.

எனக்கு ஏழாம் மாதம். தலைப் பிரசவம். அம்மா வளையலும் புடவையும் எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப்போக வந்தாள். வாசற்படியிலேயே நின்றுதான் பேசினாள்.

"மாப்ள, பொண்ண கூட்டிட்டுப் போறேன். இந்த மாசம் வுட்டா அப்புறம் நல்ல நாள் இல்ல."

"ஈஸ்டர் வரைக்கும் இருக்கட்டும் அத்தே. தொரை வர்றாரு. வூட்ல பொம்பள இல்லன்னா நல்லா இருக்காது."

"அது எட்டாம் மாசம் மாப்ள. எட்டாம் மாசத்துல பொண்ண அலைய வுடக் கூடாது."

"இங்க என்ன அலையறா? ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குது. உங்க முத்தியால்பேட்டையில என்ன இருக்குது?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நான் போறேங்க" என்று நான் சொன்னேன். கோர்ட்டில் நீதிபதிக்குத் தேவைப்படாத பேச்சை மொழிபெயர்க்காமல் விடுவது போல அவர் அதை விட்டுவிட்டார். அம்மா வளையலை வாசற்படியிலேயே வைத்து எனக்குப் போட்டுவிட்டுப் போனாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் விருந்து. வாடகைக்குப் பீங்கான் தட்டும் கண்ணாடிக் கோப்பைகளும் வந்தன. துரை வீட்டில் முன்பு சமைத்த ஒரு கிழவர் காலையிலிருந்து சமையலறையில் நின்றார். கம்பளத்தை இவரே தென்னந் துடைப்பத்தின் நுனியால் பூ உதிர்வது போலப் பெருக்கினார். எனக்கு அன்று காலையிலிருந்தே இடுப்பில் ஒரு கனம். நின்றால் ஒரு மாதிரி, உட்கார்ந்தால் ஒரு மாதிரி. இரண்டு முறை சொன்னேன். "சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோ" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் துரையின் மோட்டார் தெருவுக்குள் வந்தது. தெருப் பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்றார்கள். துரை உள்ளே வந்தார். சப்பாத்தோடு நேராகக் கம்பளத்தின் நடுவில் வந்து நின்றார். குனிந்து பார்த்தார்.

"பட்டா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"பட்டு, முசியே. காஷான் நகரத்தில் நெய்தது. பழையது."

துரை புருவத்தை உயர்த்திச் சம்சாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். இவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் ஒரு நிமிஷம் இரக்கம் வந்தது. இதற்காகத்தானே என்று நினைத்தேன். கிடைத்துவிட்டது, இனி நாமும் நடக்கலாம் என்று நினைத்தேன்.

என்னைக் கோப்பைத் தட்டை எடுத்துவந்து துரைசாணிக்குக் கொடுக்கச் சொன்னார். நான் தட்டோடு சுவரோரமாகப் போனேன். துரைக்கு முன்னால் அது விகாரமாகத் தெரிந்ததோ என்னவோ, தாழ்ந்த குரலில் தமிழில், "நடுவுல வா" என்றார். அந்த வீட்டில் நான் முதன்முதலாக அந்தக் கம்பளத்தின்மேல் கால் வைத்தது அப்போதுதான். வெறுங்கால். பாதத்துக்கு அடியில் பூனை முதுகு மாதிரி மெத்தென்று இருந்தது. துரைசாணியின் முன்னால் போய் நின்று குனிந்தபோது பனிக்குடம் உடைந்தது.

காலோடு வெந்நீர் கொட்டினது போல இறங்கியது. தட்டு சாய்ந்து கோப்பைகள் விழுந்தன. எனக்கு என்ன நடக்கிறது என்று விளங்குவதற்குள் இவர் குரல் கேட்டது.

"தப்பி. தப்பி."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். என் முழங்கையைப் பிடித்தார். விழாமல் தாங்கத்தான் பிடிக்கிறார் என்று நான் சாய்ந்தேன். அவர் என்னைக் கம்பளத்தை விட்டு வெளியே இழுத்தார். சாய்ந்த நான் முட்டி தரையில் அடிபட விழுந்தேன்.

துரைசாணிதான் ஓடி வந்து என் தலையைப் பிடித்தவள். பெரிய உடம்புக்காரி, தரையில் உட்கார்ந்து என்னை மடியில் சாய்த்துக்கொண்டு இவரைப் பார்த்து ஏதோ கத்தினாள். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது மிருகம் என்ற ஒரு சொல்தான். துரையும் மோட்டார் ஓட்டியும் சேர்ந்து என்னைத் தூக்கி மோட்டாரில் ஏற்றினார்கள். துரைசாணி கூட ஏறினாள். வண்டி கிளம்பும்போது கதவு வழியே திரும்பிப் பார்த்தேன். இவர் வெள்ளைக் கால்சராயோடு கம்பளத்தில் முட்டி போட்டிருந்தார். தோளில் கிடந்த துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

பெண் குழந்தை. அழுதது. சன்னமாக, பூனைக்குட்டி போல அழுதது. எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது என்று ஊரில் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த கன்னியாஸ்திரியும் அதைத்தான் நினைத்திருப்பாள். கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்து, "என்ன பேரு வைக்கட்டும்?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் பேரையே வையுங்கள் என்றேன். ஞானஸ்நானம் கொடுத்தாள். துரைசாணி என் கால்மாட்டில் நின்று சிலுவை போட்டாள். விடிவதற்குள் குழந்தை என் கைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

வெளிச்சம் வந்த பிறகுதான் அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. கட்டிலருகே வந்து என் நெற்றியில் கை வைத்தார். கையில் காடியின் புளித்த நாற்றம் அடித்தது. கறைக்குக் காடி போட்டுத் துடைத்தால் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழந்தையைத் துணி விலக்கிப் பார்த்தார். அழுதார். அவர் அழவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அன்று காலையே அடக்கம் செய்ய வேண்டும் என்றார்கள். அப்பா அதற்குள் வந்திருந்தார். கோயில் தச்சனிடம் சொல்லிச் சின்னப் பெட்டி கொண்டுவந்திருந்தார். இவர் அப்பாவிடம், "மாமா, நீங்க எடுத்துட்டுப் போங்க. தொரை வூட்டுக்கு ஒரு நடை போய்ட்டு நேரா சிமித்தியேருக்கு வந்துடறேன்" என்றார்.

"இப்ப எதுக்கு மாப்ள தொரை வூட்டுக்கு?"

"நேத்து நடந்ததுக்கு ஒரு வார்த்த மன்னிப்பு கேக்கணும். அவங்க வண்டியெல்லாம் பாழாயிருக்கும்."

அப்பா பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். துரை அன்றைக்குத் தாமதமாக எழுந்தாராம். இவரை வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். இவர் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் மூடி, சாமியார் கிளம்பி, அப்பாவும் வேறு வழியாகக் கோயில் வேலைக்குப் போய்விட்டிருந்தார். துரை இவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மறு மாதம் இவருக்கு வரவேண்டிய உத்தியோக உயர்வு வேறொருவருக்குப் போனது மட்டும் தெரியும்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முத்தியால்பேட்டைக்குப் போனேன். மார்பில் பால் கட்டிக்கொண்டு நெருப்பாகச் சுட்டது. அம்மா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவாள். குடிக்கப் பிள்ளை இல்லாத பாலை வற்ற வைக்க எங்கள் பக்கத்தில் அதுதான் வைத்தியம். அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தார். வாசலில் நின்று சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடு சாணி மெழுகின தரை.

"சப்பாத்தோடயே வாங்க மாப்ள" என்றார் அப்பா. "எங்க வூட்ல மிதிக்கக் கூடாதது ஒண்ணும் இல்ல."

என் அப்பா குரல் உயர்த்தி ஒருவரிடமும் பேசினவரில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. இவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். கூடத்து மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"தப்பி சரியாயிடுச்சி. கறை போயிடுச்சி."

அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவர் அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார் என்று இந்த வயதில் தோன்றுகிறது. நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன், தப்பு செய்துவிட்டோமே என்று பயந்துகொண்டிருப்பேன் என்று நினைத்திருக்கிறார். அப்படி நினைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

"நான் அதைக் கேக்கலியே" என்றேன்.

திரும்பிப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். சாமியார் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். கோயில்பிள்ளை வீட்டிலேயே பெண் புருஷனை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் மற்ற சனங்களுக்கு நான் எப்படிப் புத்தி சொல்வது என்று அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்கு இருந்ததே அந்தக் கோயில் வேலைதான். அவர் என்னைப் போ என்று சொல்லவில்லை. நானே பெட்டியைக் கட்டினேன்.

கம்பளம் அதே இடத்தில் கிடந்தது. கறை போயிருந்தது, ஆனால் தடம் போகவில்லை. பாதி உண்மை சொல்லியிருக்கிறார். காடியும் தண்ணீரும் பட்டுப் பூவின் சிவப்பு இளகி, சந்தன நிலத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஊறியிருந்தது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் அதன்மேல் ஒரு நாற்காலியைப் போட்டிருந்தார். நான் வந்த அன்றைக்கே நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினேன். மறுநாள் அது பழைய இடத்தில் இருந்தது. திரும்ப நகர்த்தினேன். கிணற்றிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஈரக் காலோடு நடுவில் நடந்தேன். மத்தியானம் அதன்மேலேயே படுத்துத் தூங்கினேன். அவர் ஒருநாள் கோர்ட்டிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, சுவரோரமாகவே உள்ளே போனார். கடைசிவரை அவர் சுவரோரமாகத்தான் நடந்தார்.

துரை மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் யார் வீட்டுக்கும் போகிறவரில்லை. அதற்கப்புறம்தான் விற்றுவிடலாம் என்று இவருக்குத் தோன்றியது. சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்து பெரிய வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பென்ஷன்காரர் பார்க்க வந்தார். நல்ல மனுஷர். சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டு வந்து, இவர் கற்றுக்கொண்ட அதே மாதிரி மூலையைப் புரட்டிப் பார்த்தார். பிடித்துவிட்டது. நாற்காலியை நகர்த்தச் சொன்னார்.

"இது என்ன, இங்க மட்டும் சாயம் எறங்கியிருக்குது?"

"தண்ணி பட்டுடுச்சி" என்றார் இவர்.

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். வேற்று ஆண்பிள்ளைகள் பேசும்போது நான் குறுக்கே பேசினதே கிடையாது. கூடத்துக்கு வந்தேன்.

"தண்ணி இல்லீங்க ஐயா. என் புள்ள வந்த எடம் அது. புள்ள தங்கல."

அந்த மனுஷர் கையை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். "வரேம்மா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சின்ன ஊர். அதற்கப்புறம் ஒருவரும் அதை விலைக்குக் கேட்டு வரவில்லை.

இவர் அன்று என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் என்மேல் ஒருநாளும் கை நீட்டினதில்லை, குடித்ததில்லை, வேறு பெண்ணைப் பார்த்ததில்லை. தெருவில் என்னைப் பார்க்கிற பெண்கள் எல்லாரும், உனக்கென்ன, தங்கமான புருஷன் என்பார்கள். பின்னால் எங்களுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பேருக்கும் நாலாம் மாதமே யாரையும் கேட்காமல் புஷ்புஷ் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

குழந்தை போன வருஷம் கல்லறைத் திருநாளன்று நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி, தூறல். ஊர்ச் சனம் முழுக்க மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைகளைச் சுற்றி இருந்தது. பிள்ளைகளைப் புதைக்கிற மூலை தெற்கு மதிலை ஒட்டி இருந்தது. பெயர்ப் பலகை இல்லாத சின்னச் சின்ன மேடுகள். எது என் பிள்ளையுடையது என்று அப்பா எனக்குக் காட்டியிருந்தார். மழையில் கரைந்து எல்லாம் ஒரே மாதிரி கிடந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

என் வீட்டுக்காரர் கையில் மெழுகுவத்தியோடு அந்த மேடுகளுக்கு நடுவில் நின்று பார்த்தார்.

"எது?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. அவர் இன்னொரு தரம் கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டு, கிட்டத்தில் இருந்த ஒரு மேட்டுக்கு முன்னால் குனிந்து மெழுகுவத்தியை மண்ணில் குத்தி ஏற்றினார். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டு, சுடர் நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அது யாரோ வேறொருத்தி பெற்ற பிள்ளையின் மேடு.